பத்திரம் எரிந்தால் வண்டியும் அநாதையா?

தமிழ்ப் பகுதிகளின் தெருக்களிலே இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய மோட்டார் வண்டிகளைப் பற்றியும், வயல்களிலே இன்றும் உழுதுகொண்டிருக்கும் பழைய உழவு இயந்திரங்களைப் பற்றியும் இவ்வாரம் எழுத முற்படுகின்றோம். நாட்டிலே ஆயிரம் பெரும் பிரச்சினைகள் இருக்க, ஓட்டைக் காருக்கு ஒரு கட்டுரையா என்று சிலர் நகைக்கக் கூடும். நகைப்பவர்கள் பொறுத்திருந்து முழுவதையும் படிக்கட்டும். ஒருவன் தன் உழைப்பால் வாங்கி, தன் கையால் காத்து, தன் முற்றத்தில் நிறுத்தி வைத்திருக்கும் பொருளைத் தன்னுடையது என்று சொல்ல முடியாமற் போகுமாயின், அது காரைப் பற்றிய பிரச்சினை அன்று. உரிமையைப் பற்றிய பிரச்சினை.

வடக்கிலும் கிழக்கிலும் பதிவுப் புத்தகம் இல்லாத பழைய வண்டிகள் ஊருக்கு ஊர் நிற்கின்றன. புத்தகம் இல்லையென்றால் பெயர் மாற்ற இயலாது; பெயர் மாறாவிட்டால் காப்புறுதியும் வருடாந்த வரிப்பத்திரமும் சிக்கலாகும்; அவை இல்லாவிட்டால் தெருவில் இறக்க இயலாது; இறக்கினால் பொலிசார் மறிப்பர், வழக்கு வரும், தண்டம் வரும். வங்கியில் ஈடுவைக்க இயலாது. மகனுக்கு எழுதிக் கொடுக்க இயலாது. விற்கப் போனாலோ, பத்திரம் இல்லாத வண்டி என்று சொல்லிப் பாதி விலைக்குக் கேட்பார்கள்.

அந்தப் புத்தகத்தை உடையவன் தொலைத்தானா? இல்லை. போர் தொலைத்தது, இடப்பெயர்வு தொலைத்தது, தீ தொலைத்தது. ஆகவே, வண்டியின் உடம்பிலே பொறிக்கப்பட்டிருக்கும் இலக்கத்தையும், உடையவனை அறிந்த ஊராரின் சாட்சியத்தையும் கொண்டு, போன பதிவை மீட்டுக் கொடுக்க வேண்டிய கடமை அரசாங்கத்தினுடையது. இதுவே எமது வாதம்.

வண்டிகள் வந்த கதை

இரண்டாவது உலக மகாயுத்தம் முடிந்த பின்னர், 1940களின் பிற்பகுதியிலும் 1950களிலும், இங்கிலாந்திலே செய்த கார்கள் இலங்கைக்கு நிறைய வந்து இறங்கின. பேர்மிங்காம் நகரின் லோங்பிரிஜ் தொழிற்சாலையில் உருவான ஒஸ்ரின் ஏ 40, அதன் பின் வந்த ஒஸ்ரின் கேம்பிரிஜ், ஒக்ஸ்போர்ட்டை அடுத்த கௌலியில் 1948இல் பிறந்த மொறிஸ் மைனர் ஆகியவை யாழ்ப்பாணத்தின் தெருக்களுக்கு அந்நியமாக இருக்கவில்லை; அவ்வூரின் பனைகளைப் போல அவையும் நிலைத்துவிட்டன. டாக்டரும், புரொக்டரும், தலைமையாசிரியரும், வியாபாரியும் அவற்றை வாங்கினர். அவர்களிடம் பழையனவாகிய பின் வாடகைக் கார்களாகி, பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரிக்கும், கல்யாணத்துக்குக் கோயிலுக்கும் ஊர்மக்களை ஏற்றிச் சென்றன.

வயலுக்கு வந்தவை வேறு. கொவென்றி நகரில் செய்யப்பட்ட மசி பேர்குசன் 35 என்ற உழவு இயந்திரமும், 1964இன் இறுதியில் அதற்குப் பின் வந்த 135 என்ற உழவு இயந்திரமும் வன்னி நிலத்தை உழுத உழைப்பாளிகள். இரண்டு சில்லுள்ள கையுழவு இயந்திரம் எதுவாயினும் அதனை 'லான்ட்மாஸ்ரர்' என்றே எம் கமக்காரர் இன்றும் அழைக்கின்றனர். ஒரு காலத்திலே இங்கு வந்த ஒரு கம்பனியின் பெயர் ஒரு முழு இனத்துக்கே பெயராகிவிட்டது. அத்துணை நெருக்கம் இவ்வியந்திரங்களுக்கும் எம் மண்ணுக்கும்.

இலக்கத் தகட்டின் அரசியல்

வண்டியின் பதிவு வெறும் நிர்வாகச் சங்கதி என்று எவரேனும் சொன்னால், இந்நாட்டின் சரித்திரத்தை அவர் படிக்கவில்லை என்றே கொள்வோம். முன்னைய வண்டிகளின் இலக்கத் தகடுகளிலே, 'சிலோன்' என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துக்களிலிருந்து எடுத்த ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. போன்ற இரட்டை எழுத்துக்கள் இருந்தன. 1956இலே சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. அதன் அடியொற்றி, 1957 முதல் புதிய வண்டிகளின் தகட்டிலே 'ஸ்ரீ' என்ற எழுத்தைச் சிங்களத்திலே பொறிக்க வேண்டுமென்று ஆளவந்தார் விதித்தனர். தமிழ் பேசும் மக்கள் அதனை எதிர்த்தனர். தமிழிலே 'ஸ்ரீ' எழுதி ஓட்டினர். 1958இன் தொடக்கத்தில் பஸ் சேவை அரசுடைமையாகி, சிங்கள ஸ்ரீ தாங்கிய பஸ்கள் வடக்கே அனுப்பப்பட்டபோது, தார்ச் சட்டியும் தூரிகையும் தெருவுக்கு வந்தன. தெற்கிலே தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் 9ஆந் திகதி பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதத்திலே இரத்தம் சிந்தியது.

ஒரு வண்டியின் நெற்றியில் எந்த எழுத்து இருக்க வேண்டும் என்பதிலே அத்தனை அக்கறை காட்டிய அரசு, அதே வண்டியின் உடையவன் யார் என்பதை நிலைநாட்டிக் கொடுக்கும் வேளையில் மாத்திரம் அக்கறையற்று இருப்பது எவ்வகை நியாயம்?

புத்தகம் போன வழி

பதிவுப் புத்தகங்கள் எங்கே போயின? 1958இலும், 1977இலும், 1983 யூலையிலும் தென்னிலங்கையிலே வீடுகள் எரிந்தபோது, பெட்டகங்களோடு எரிந்தன. 1990இலே வலிகாமம் வடக்கின் மக்கள் உடுத்த உடையோடு வெளியேறியபோது, பூட்டிய வீடுகளுக்குள்ளே கிடந்தன. மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 யூலையில் விடுவிக்கப்பட்டபோது, இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின் திரும்பியவர்கள் அலுமாரியையா கண்டனர்? வீட்டின் அத்திவாரத்தையே தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஓர் இரவிலே தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, மழையில் நனைந்து கூழாகியவை எத்தனை! 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டு சென்றவை எத்தனை! 2009 மே மாதத்திலே முள்ளிவாய்க்காலின் மணலிலே, எரிந்தும் நொறுங்கியும் கிடந்த வண்டிகளோடு மண்ணாகியவை எத்தனை! உயிரைக் கையிலே பிடித்துக்கொண்டு ஓடியவனிடம் "புத்தகத்தை ஏன் எடுத்து வரவில்லை?" என்று கேட்பது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது அல்லவா?

புத்தகம் போயிற்று, ஆனால் வண்டி போகவில்லை. 1990 யூனில் போர் மீண்டும் மூண்ட பின் வடக்கின் மீது பொருளாதாரத் தடை விழுந்தது, பெற்றோல் தடைப்பொருளாயிற்று. அந்நாளிலே எம் மெக்கானிக்குகள் செய்ததை உலகம் அறிய வேண்டும். ஒரு சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினர். புதிய கார்கள் முடங்கிப் போக, எளிய காபரேற்றரும் எளிய எஞ்சினும் கொண்ட அந்தப் பழைய ஒஸ்ரினும் மொறிசும் கரும்புகை கக்கிக்கொண்டே நோயாளியையும் காயப்பட்டவனையும் சுமந்தன. உதிரிப்பாகம் வராத காலத்திலே பட்டறையில் கடைந்து செய்தனர். ஒரு சமூகம் முழுவதும் தடைக்குள் கிடந்த காலத்திலே அதனை நடமாட வைத்த வண்டிகளுக்குத்தான் இன்று "நீ யார்?" என்ற கேள்வி.

சட்டம் கேட்பது என்ன?

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார்ப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் வண்டி பதியப்படுகின்றது. பதிவுச் சான்று தொலைந்தால் பிரதி பெற வழி உண்டு. பொலிசில் முறைப்பாடு, சத்தியக் கடதாசி, விண்ணப்பம், கட்டணம் என்று அவ்வழி செல்லும். நல்லது. ஆனால் அவ்வழியிலே நடக்கக் கூடியவர் யார்? பதிவேட்டிலே பெயர் உள்ளவர். எம் வண்டிகளின் பதிவேட்டுப் பெயர்களைப் பாருங்கள்! ஒருவர் காலமாகிப் பல வருடம். ஒருவர் ரொறன்ரோவில். ஒருவர் எங்கே என்று அவர் மனைவியே இன்றும் தேடிக்கொண்டிருக்கிறார்.

இதிலே எம்மவர் வழக்கம் ஒன்றும் சேர்ந்து வினை செய்தது. விற்பவர் பெயர் மாற்றப் படிவத்திலே கையொப்பமிட்டு, வாங்குபவர் பெயரை எழுதாமலே கொடுத்துவிடுவார். 'ஓப்பன் பேப்பர்' என்பார்கள். அக்கடதாசி மூன்று கை, நான்கு கை மாறும்; பதிவேட்டிலே முதலாவது ஆளின் பெயரே நிற்கும். இது நாடு முழுவதும் உள்ள வழக்கம். ஆனால் தெற்கிலே உள்ளவர் முதலாவது ஆளை ஒரு நாளிலே தேடிப் பிடிக்கலாம். எமக்கோ அந்த ஆளும் இல்லை, அந்தக் கடதாசியும் இல்லை, அவர் இருந்த ஊரும் பல ஆண்டுகள் இருக்கவில்லை.

மற்றொன்றையும் கவனியுங்கள். 1987இன் 13ஆவது திருத்தத்தின் பின் வருடாந்த வரிப்பத்திரம் மாகாணத்தின் பொறுப்பு. வண்டியைப் பதியும் அதிகாரமோ மத்தியிலே, கொழும்பு நாரஹேன்பிட்டியைத் தலைமையகமாகக் கொண்ட திணைக்களத்தின் கையிலே. அதாவது, வரி வாங்குவதற்கு மாகாணம். உடைமையாளன் யாரென்று எழுதுவதற்குக் கொழும்பு! வண்டி நிற்கும் ஊர், அதனை அறிந்த மக்கள், அதைப் பழுது பார்த்த கராச் எல்லாம் இங்கே. தீர்ப்புச் சொல்லும் பேரேடு ஏறத்தாழ 400 கிலோமீற்றருக்கு அப்பால். அதிகாரம் பகிரப்பட்டது என்று சொல்பவர்கள் இந்தச் சிறிய உதாரணத்தை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

இரும்பு சொல்லும் சாட்சி

"பத்திரம் இல்லாமல் ஒரு வண்டியை எப்படி அடையாளம் காண்பது?" என்று கேட்கின்றனர். காணலாம். அந்நாளைய இங்கிலாந்து வண்டி தன் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தைத் தன் உடம்பிலேயே சுமந்து வந்தது.

மொறிஸ் மைனரின் பொனற்றைத் திறந்தால், எஞ்சின் அறையின் பின்சுவரிலே ஒரு தகடு உண்டு. செசி இலக்கம் அதிலே இருக்கும். 1950களின் பிற்பகுதியிலிருந்து அவ்விலக்கத்தின் முன்னே வரும் எழுத்துக்கள் தாமே கதை சொல்லும்: 'எம்' என்றால் மொறிஸ், 'ஏ' என்றால் எஞ்சினின் வகை, '2 எஸ்' என்றால் இரு கதவு, அடுத்து வரும் எண் எத்தனையாவது வரிசை என்பது. தகடு இல்லையா? கண்ணாடியைப் பாருங்கள். முன் கண்ணாடி நடுவே பிளந்து இரண்டாக இருந்தால் அது 1956இன் மாற்றத்துக்கு முந்தியது. ஒரே கண்ணாடியாயின் பிந்தியது. எஞ்சினின் கொள்ளளவு தொடக்கத்தில் 918 கன சென்ரிமீற்றர், பின்னர் 803, 1956 முதல் 948, 1962 முதல் 1098. லூக்காஸ் கம்பனியின் டைனமோவிலும் ஸ்ராற்றரிலும் செய்த மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். ஒஸ்ரின் ஏ 40 வகையிலே டெவனும் சொமர்செற்றும் தனிச் செசியின் மேல் உடலை ஏற்றியவை. 1954இல் வந்த கேம்பிரிஜ் அவ்வாறன்று, உடலும் செசியும் ஒன்றானது. மசி பேர்குசனின் தொடர் இலக்கத் தகடு கருவிப் பலகையை அடுத்திருக்கும். அவ்விலக்கத்தைக் கொண்டு செய்த ஆண்டைச் சொல்ல அட்டவணைகள் உண்டு.

இவற்றுக்கும் மேலாக, இங்கிலாந்தின் கேய்டன் என்ற இடத்திலே பிரித்தானிய மோட்டார் நூதனசாலை இருக்கின்றது. ஒஸ்ரின், மொறிஸ் முதலிய கம்பனிகளின் உற்பத்திப் பதிவேடுகள் பல அங்கே காக்கப்படுகின்றன. செசி இலக்கத்தைக் கொடுத்துக் கட்டணம் செலுத்தினால், பதிவேடு எஞ்சியுள்ள வண்டிக்கு அது செய்யப்பட்ட திகதி, முதல் எஞ்சினின் இலக்கம், பூசிய நிறம், அனுப்பப்பட்ட இடம் போன்ற விபரங்களுடன் சான்றிதழ் அனுப்புவர். அறுபது எழுபது ஆண்டுக்கு முன் செய்த ஒரு காரின் விபரத்தை ஐயாயிரம் மைலுக்கு மேற்பட்ட தொலைவிலே ஒருவர் காத்து வைத்திருக்கிறார். இங்கே உள்ள அரசு, தானே பதிந்த வண்டியின் விபரத்தைத் தானே தேடி எடுத்துக் கொடுக்கக் கூடாதா?

எஞ்சினைப் பற்றியும் ஒரு சொல். எம் வண்டிகளிலே பல வேறு எஞ்சின் பூட்டியவை. தடைக் காலத்திலே கிடைத்ததைப் பூட்டித்தான் ஓடினர். எஞ்சின் இலக்கம் பதிவோடு ஒத்து வரவில்லை என்ற ஒன்றையே காரணம் காட்டி ஒரு வண்டியைக் கள்ள வண்டி என்று சொல்லிவிட முடியாது. எஞ்சின் மாற்றக் கூடிய பாகம். செசி இலக்கமே வண்டியின் பெயர். மாற்றிய எஞ்சினை மாற்றியதென்று எழுதிப் பதிவதே முறை.

கள்ளனுக்குப் பயந்து

"இப்படி இலகுவாக்கினால் கள்ளர் புகுந்துவிடுவர்" என்பார்கள். களவு வண்டிக்கும் கடத்தல் வண்டிக்கும் பழைய வண்டியின் பெயரைச் சூட்டும் மோசடி இந்நாட்டில் இல்லாததன்று. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்திலே பழைய வண்டியின் விலை ஏற, மோசடிக்கான ஆசையும் ஏறியிருக்கும். இவ்வாதத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை.

ஆனால், அந்த மோசடிக்காரனுக்கு வேண்டியது என்ன? பத்திரம்! இரும்புக் கடைக்குப் போன வண்டியின் புத்தகத்தை விலைக்கு வாங்கி, வேறொரு வண்டிக்கு அதனை மாட்டிவிடுவதே அவன் தொழில். அவனிடம் வண்டி பொய், பத்திரம் மெய். எம் கமக்காரனிடமோ வண்டி மெய், பத்திரம் இல்லை. பத்திரத்தை மாத்திரம் பார்த்து இரும்பைப் பார்க்காத முறை, கள்ளனை உள்ளே விட்டு உடையவனை வெளியே நிறுத்துகின்றது. இரும்பைப் பார்த்துப் பத்திரம் கொடுக்கும் முறையே கள்ளனுக்கும் தடை, உடையவனுக்கும் நீதி. பொய்ச் சத்தியம் செய்பவனைச் சிறையில் போடட்டும். நாம் குறுக்கே நிற்க மாட்டோம்.

பிறர் செய்தது, இவர்களே செய்தது

இங்கிலாந்தைப் பாருங்கள். அங்கே பதிவேடுகளைக் கணினிக்கு மாற்றியபோது, 1983 நவம்பர் முடிவுக்குள் சேர்க்கப்படாத பழைய வண்டிகளின் இலக்கங்கள் பேரேட்டிலிருந்து விழுந்தன. அங்கே போர் இல்லை, தீ இல்லை; உடையவரின் கவனக்குறைவே பெரும்பாலும் காரணம். அப்படியிருந்தும் அரசு அவர்களைக் கைவிடவில்லை. அங்கீகாரம் பெற்ற பழைய வண்டிச் சங்கங்கள் வண்டியைப் பரிசோதித்து, பழைய ஆவணச் சான்றோடு உறுதி கூறினால், முதலாவது இலக்கத்தையே மீண்டும் கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்தது. அவ்வகைச் சான்று இல்லாவிடின், வண்டி பிறந்த ஆண்டை நிறுவி, அவ்வயதுக்குரிய இலக்கம் பெற வழி உண்டு. வயதோ அடையாளமோ துணிய முடியாத வண்டிக்குக்கூட 'கியூ' என்ற எழுத்திலே ஓர் இலக்கம் உண்டு. தெருவுக்கு வராதே என்று ஒருவரையும் துரத்தவில்லை.

இந்தியா 2021இலே ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கெனத் தனிப் பதிவு விதி செய்தது. 'வீ.ஏ.' என்ற எழுத்துக்களோடு தகடு, பத்தாண்டு செல்லுபடி, புதிய பதிவுக்கு 20,000 ரூபா கட்டணம். ஆனால் அது காட்சிக்கும் பவனிக்கும் உரிய வண்டிக்கான விதி. நாளாந்தம் தெருவில் ஓட்ட இடமில்லை. எமக்கு வேண்டியது அதுவன்று. எம் வண்டிகள் செல்வந்தரின் அலங்காரப் பொருள் அல்ல. உழைத்து உண்ணும் வண்டிகள்.

கடல் கடந்து போவானேன்? இந்நாட்டுச் சட்டத்திலேயே முன்மாதிரி உண்டு. பிறப்புச் சாட்சிப் பத்திரம் இல்லாத மனிதனுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் கொடுக்கின்றார்கள். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தினால், போரிலே காணாமற் போனவர்களின் மரணத்தைப் பதிவதற்குத் தற்காலிக ஏற்பாடு செய்தார்கள். அதனை ஏற்க மறுத்த குடும்பங்களின் நியாயம் வேறு. ஆயினும் பத்திரத்துக்குத் தனி வழி திறக்கலாம் என்பதை அச்சட்டமே ஒப்புக்கொண்டது. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தினால், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையிலான காலத்திலே ஆயுதக் குழுக்களின் செயற்பாடு காரணமாக நீதிமன்றம் செல்ல இயலாதவர்களின் காணி உரிமை, காலம் கடந்ததென்று அழிந்துபோகாமல் காத்தார்கள். மனிதனின் வயதுக்கு ஒரு வழி, மரணத்துக்கு ஒரு வழி, காணிக்கு ஒரு வழி உண்டென்றால், காருக்கும் உழவு இயந்திரத்துக்கும் மாத்திரம் ஏன் வழி இருக்கக் கூடாது?

நாம் கேட்பவை

முதலாவது: போரினாலோ ஆழிப்பேரலையினாலோ பதிவுப் புத்தகத்தை இழந்தோருக்கென, காலவரையறை குறித்து, தனிச் சட்ட ஏற்பாடு ஒன்று செய்யப்பட வேண்டும். கிராம அலுவலரின் உறுதி, சமாதான நீதவான் முன் செய்த சத்தியக் கடதாசி, வண்டியை நெடுங்காலம் அறிந்த இருவரின் சாட்சியம் ஆகியவை அதிலே சான்றாக ஏற்கப்பட வேண்டும்.

இரண்டாவது: வண்டியைப் பரிசோதிக்கும் அதிகாரி வண்டி நிற்கும் மாவட்டத்துக்கு வர வேண்டும். ஓடக் கூடாதென்று நீங்களே சொல்லும் வண்டியைக் கொழும்புக்கு ஓட்டி வா என்பது எந்த ஊர் நியாயம்?

மூன்றாவது: வண்டியின் செசி இலக்கமும் கோருபவரின் பெயரும் வர்த்தமானியிலும் தமிழ்ப் பத்திரிகைகளிலும் வெளிவரட்டும். மூன்று மாதத்துக்குள் எவரும் மறுப்புச் சொல்லாவிட்டால் பதிவு உறுதியாகட்டும். அதுவரை தற்காலிகப் பதிவு கொடுக்கட்டும்.

நான்காவது: பதிவேட்டிலே பெயர் உள்ளவர் வெளிநாட்டிலே இருப்பின், அங்குள்ள தூதரகத்திலே கையொப்பமிட்ட சம்மதம் போதுமாக வேண்டும். அவர் காலமாகியோ காணாமற் போயோ இருப்பின், மேற்சொன்ன அறிவித்தலே அவருக்கும் அவர் உரித்தாளருக்கும் அறிவித்தலாகட்டும்.

ஐந்தாவது: தடையினாலும் இடப்பெயர்வினாலும் வண்டி ஓடாதிருந்த ஆண்டுகளுக்கு வரி நிலுவையும் தண்டமும் கேட்கக் கூடாது.

ஆறாவது: படிவமும், விளக்கமும், பதிலும் தமிழிலே இருக்க வேண்டும். 13ஆவது, 16ஆவது திருத்தங்கள் தமிழுக்குக் கொடுத்த இடம் அரசியலமைப்பின் அச்சிலே இருந்தால் போதாது. அலுவலகத்தின் யன்னலிலும் இருக்க வேண்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடங்கொடான் என்பதை எத்தனை காலம் பொறுப்பது?

எம்மவர் செய்ய வேண்டியவை

அரசைக் கேட்பதோடு எம் வேலை முடிந்துவிடாது. உரிமை கேட்பவன் ஆதாரத்தோடு வர வேண்டும்.

வண்டியுடையோரே! செசித் தகட்டை இன்றே தேடுங்கள். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் மெல்லத் துடையுங்கள், அரத்தாளைத் தொடாதீர்கள். சுரண்டிய இலக்கம் திருத்திய இலக்கம் போலத் தோன்றும். அதன் மேல் மெல்லிய கடதாசியை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுங்கள், படமும் எடுங்கள். பழைய வரிப்பத்திரத் துண்டு, காப்புறுதிக் கடதாசி, கராச் பற்றுச்சீட்டு எதனையும் எறியாதீர்கள். உறவினரின் கல்யாணப் படங்களைப் புரட்டிப் பாருங்கள். மாப்பிள்ளையும் பொம்பிளையும் இறங்கி நிற்கும் காரின் இலக்கத் தகடு அதிலே தெரியக் கூடும். அந்தப் படம் ஒரு சாட்சி. உங்கள் வண்டியைக் கழற்றிப் பூட்டிய முதிய மெக்கானிக் இன்னும் இருந்தால், அவர் வாய்மொழியை எழுத்திலே வாங்கி வையுங்கள். அவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கின்றனர்.

தரகரை நம்பாதீர்கள். "புத்தகம் செய்து தருகிறேன்" என்பவன் புத்தகத்தைச் செய்துதான் தருவான்! பொய்ப் புத்தகம் உங்கள் மெய் வண்டியையும் பொய்யாக்கிவிடும். இனிமேல் 'ஓப்பன் பேப்பரில்' வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். இன்று மிச்சப்படுத்தும் ஒரு நாள் அலைச்சல், நாளை பிள்ளைகளின் பத்து வருட அலைச்சலாகும்.

படித்த பெருமக்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் தந்தையாரின் மொறிஸ் மைனர் உங்களுக்கு ஒரு ஞாபகப் பொருள். அதன் புத்தகம் கிடைக்காவிடினும் உங்கள் அடுப்பு எரியும். கிளிநொச்சிக் கமக்காரனுக்கு அவனுடைய மசி பேர்குசனே அடுப்பு. சட்டத்தரணிகள் மாதத்திலே ஒரு சனிக்கிழமை சத்தியக் கடதாசியை இலவசமாக எழுதிக் கொடுக்கட்டும். எந்திரியியலாளர்கள் இலக்கத்தைப் படித்து வகையையும் ஆண்டையும் குறித்துக் கொடுக்கட்டும். ஆசிரியர்கள் படிவத்தை நிரப்ப உதவட்டும். வெளிநாட்டிலுள்ள எம் உறவினர், தம் பெயரிலே ஊரில் நிற்கும் வண்டிகளுக்கான சம்மதக் கடிதத்தைக் கேளாமலே அனுப்பட்டும். ஊருக்கு ஒரு பேரேடு திறந்து, பத்திரமில்லாத ஒவ்வொரு வண்டியையும் அதிலே எழுதுவோமானால், அரசாங்கத்தின் மேசையிலே வைப்பதற்கு முறைப்பாடு மாத்திரமன்றி, ஆதாரமும் எம்மிடம் இருக்கும். எம் பிரதிநிதிகள் பாராளுமன்றத்திலே எழும்பிப் பேசும்போது அப்பேரேடு அவர்கள் கையில் இருக்கட்டும்.

நாம் சலுகை கேட்கவில்லை. புதிய வண்டி கேட்கவில்லை. வரிவிலக்கில் வாகன அனுமதி கேட்கவில்லை. அவையெல்லாம் யாருக்குக் கொடுக்கப்பட்டன என்பதை நாடு அறியும். எம்மிடம் ஏற்கெனவே உள்ள பொருளை எம்முடையது என்று எழுதித் தரும்படி கேட்கின்றோம். பத்திரங்களை எரித்த போரை நடத்திய அரசு, அப்பத்திரங்களை மீண்டும் எழுதிக் கொடுக்கும் பொறுப்பிலிருந்து நழுவ விடமாட்டோம். பேனையும் பேரேடும் அவர்கள் கையிலே இருக்கின்றன. செசி இலக்கம் எங்கள் முற்றத்திலே இருக்கின்றது. வந்து பார்த்து எழுதட்டும்!